இடிக்காமல் புதுக்கிய வீடுகள்: பேர்லின் கிறொய்ஸ்பேர்க்கின் கதை

ஜேர்மனியில் வீடு தேடித் திரிந்த எவருக்கும் இரண்டு சொற்கள் தெரிந்திருக்கும். ஒன்று அல்ட்பௌ, மற்றது நொய்பௌ. பழைய கட்டிடம், புதிய கட்டிடம். எங்கட ஆக்களில் கனபேருக்கு இரண்டாவதில்தான் விருப்பம். "அல்ட்பௌ எண்டால் முகடு உயரம், சூடாக்கிறதுக்குக் காசு கூட, லிஃப்ற்றும் இராது" என்பார்கள். ஜேர்மன்காரரோ இன்றைக்கு அந்தப் பழைய வீட்டுக்குத்தான் அடிபடுகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் அரசாங்கமே இந்தப் பழைய வீடுகளை இடித்துத் தள்ளத் திட்டம் போட்டிருந்தது. பேர்லினில், முக்கியமாகக் கிறொய்ஸ்பேர்க் பகுதியில், அவை இன்னும் நிற்கின்றன என்றால் அது ஒரு நீண்ட இழுபறியின் பலன். அந்த இழுபறியில் வாடகைக்கு இருந்த ஏழைச் சனமும், துருக்கித் தொழிலாளரும், வீடில்லாத பெடியளும், சில பிடிவாதமான கட்டிடக் கலைஞரும் சேர்ந்து நின்றார்கள். இந்த வருடப் புத்தாண்டு மலரில் அதைப்பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் இந்த வீடுகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். 1862 ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஹோப்றெக்ற் என்ற பொறியியலாளரின் தலைமையில் பேர்லினுக்கான வீதித்திட்டம் வெளிவந்தது. பிற்காலத்தில் நகரத்தின் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தவரும் இவரே. அவருடைய திட்டம் வீதிகளை மட்டுந்தான் வரைந்தது. இரண்டு வீதிகளுக்கு இடையிலுள்ள காணி மிகவும் ஆழமானது. அந்த ஆழத்துக்குள் என்ன கட்டுவது என்பது காணிக்காரன் பாடு. 1853 ஆம் ஆண்டின் கட்டிட விதி ஒன்று, உள்முற்றம் ஆகக்குறைந்தது 5.34 மீற்றர் நீளமும் 5.34 மீற்றர் அகலமும் இருக்க வேண்டும் என்றது. ஏன் இந்தக் கணக்கு? தீயணைக்கும் வண்டி உள்ளே வந்து திரும்புவதற்கு அவ்வளவு இடம் போதும். காற்றையும் வெயிலையும் பற்றி ஆரும் யோசிக்கவில்லை.

எங்கட ஊர் நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே நடுமுற்றம்தான் வீட்டின் உயிர். மழை விழும், வெயில் விழும், பொங்கல் பானையும் அங்கேதான். பேர்லின் வீட்டிலும் நாற்புறமும் கட்டிடம், நடுவிலே முற்றம். ஆனால் அது ஐந்து மாடிக் கிணறு. கீழ்த்தட்டில் இருப்பவனுக்கு மத்தியானத்திலும் விளக்கு வேணும். வீதிப்பக்கத்து வீட்டில் வசதியானவர்கள் இருந்தார்கள். அங்கே முகப்புச் சுவரில் சுண்ணாம்புப் பூவேலை, உயரமான ஜன்னல். பக்கத்துச் சிறகுகளிலும் பின்வீட்டிலும் தொழிலாளர்கள், அதற்குப் பின்னாலே பட்டறைகள். ஒரே படலைக்குள் பணக்காரனும் ஏழையும் இருந்தால் இருவருக்கும் நல்லது என்று ஹோப்றெக்ற் 1868 இல் எழுதினார். மனிதர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். நடந்ததோ வேறு. நகரத்தின் சனத்தொகை 1877 இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது, 1905 அளவில் இருபது இலட்சம். வெடிங் பகுதியில் 'மையர்ஸ் ஹோஃப்' என்ற ஒரு குடியிருப்பில் ஒன்றன் பின் ஒன்றாக ஆறு முற்றங்கள் இருந்தன; இரண்டாயிரம் பேர்வரை அங்கே சீவித்தார்கள். சனம் இப்படியான வீடுகளுக்கு வைத்த பெயர் 'மீற்ஸ்கஸெர்ன', அதாவது வாடகைப் படைமுகாம்.

இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டிய வீட்டில் சுண்ணாம்புச் சாந்து காய்வதற்கு மாதக் கணக்காகும். அதுவரை அந்த ஈரச் சுவர்களுக்குள் ஏழைகளை மலிவு வாடகைக்கு இருத்துவார்கள். அவர்களுடைய மூச்சிலும் அடுப்பிலும் வீடு காய்ந்ததும் எழுப்பிவிடுவார்கள். 'உலர்த்தி வாழ்பவர்' என்றே அவர்களுக்குப் பெயர். மற்றது, கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள். இரவு வேலைக்காரன் எழும்பிப் போக, பகல் வேலைக்காரன் அதே கட்டிலில் வந்து படுப்பான். எண்பதுகளில் ஒரே அறையில் முறைவைத்துப் படுத்த எங்கட பெடியளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் 1945 பெப்ரவரி 3 ஆம் திகதி விழுந்த குண்டுகளால் கிறொய்ஸ்பேர்க்கின் ஒரு பாதி தரைமட்டமானது. மற்றப் பாதி, பழைய தபால் இலக்கத்தின்படி 'எஸ்.ஓ. 36' என்று அழைக்கப்படும் கிழக்குப் பகுதி, ஓட்டைகள் விழுந்தாலும் நின்றது. 1961 இல் பேர்லின் சுவர் எழும்பியதும் அந்தப் பகுதி மூன்று பக்கமும் அடைபட்ட மூலையாகிப் போனது. முதலாளிகள் வீடுகளைத் திருத்துவதை விட்டுவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் குளியலறை கிடையாது. கக்கூஸ் மாடிப்படியின் நடுத்திருப்பத்தில். இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒன்று. சூடாக்க நிலக்கரி அடுப்பு. நிலவறையிலிருந்து நாலாம் மாடிக்கு நிலக்கரி தூக்கிய துருக்கிப் பெண்களின் முதுகெலும்பு அந்தக் காலத்தின் சாட்சி.

1963 இல், வில்லி பிராண்ட் மேயராக இருந்தபோது, மேற்கு பேர்லின் தனது முதலாவது நகரப் புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்தது. ஆறு பகுதிகளில் 56,000 வீடுகள். 'புதுப்பிப்பு' என்ற சொல்லுக்கு அப்போது இருந்த கருத்து, பெரும்பாலானவற்றை இடித்துப் புதிதாய்க் கட்டுவது. அதற்கு மேலே ஒரு அவுட்டோபான் திட்டமும் இருந்தது. கிறொய்ஸ்பேர்க்கின் நடுவால் பெருந்தெரு போகும், இன்று மரங்கள் நிற்கும் ஒரானியன்பிளாற்ஸ் சந்தியில் அது இன்னொரு பெருந்தெருவைச் சந்திக்கும். கொற்புஸர் ரோரில் 1974 இல் கட்டி முடித்த அந்த வளைந்த பெரிய கொங்கிறீற் கட்டிடத்தைப் பார்த்தவர்களுக்கு, அது ஏன் அப்படி மதில்போல நிற்கிறது என்று யோசனை வந்திருக்கும். அவுட்டோபான் இரைச்சலைத் தடுக்கும் மதிலாகவும் நிற்கட்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள். அவுட்டோபான் வரவேயில்லை, எழுபதுகளின் நடுவில் அந்த யோசனை கைவிடப்பட்டது. மதில் மட்டும் மிஞ்சியது. வெடிங்கில் மையர்ஸ் ஹோஃபின் மிச்சத்தையும் 1972 இல் இடித்துவிட்டார்கள்.

இடிப்பதற்கு முதல் வீடு வெறுமையாக வேண்டும். வீடமைப்புக் கம்பனிகள் வீடுகளை வாங்கி, இருந்த குடும்பங்களை நகரத்தின் ஓரத்தில் கட்டிய மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பின. இடைப்பட்ட காலத்துக்கு, குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தவர்களுக்கு அந்த வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். அவர்கள்தான் 1961 ஒப்பந்தத்தின் பிறகு வந்த துருக்கித் தொழிலாளர்கள். நாளைக்கு இடிக்கப்போகிற வீடு, நாளைக்குத் திரும்பிப் போகப்போகிற ஆள் என்பது கணக்கு. ஆள் திரும்பிப் போகவில்லை. மனைவி மக்களைக் கூப்பிட்டான். உடனே 1975 இல் செனற் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது: கிறொய்ஸ்பேர்க், வெடிங், ரியர்கார்ற்றன் ஆகிய மூன்று பகுதிகளிலும் வெளிநாட்டவர் புதிதாய்க் குடியேறக் கூடாது. அதைக் கடவுச்சீட்டிலும் முத்திரையாய்க் குத்தினார்கள். 'இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது' என்று அகதி விண்ணப்பக் கடதாசியில் முத்திரை வாங்கிய எங்களுக்கு, 'இந்த மாவட்டத்துக்குள் வரக் கூடாது' என்ற முத்திரையின் பாரமும் விளங்கும்.

எழுபதுகளின் கடைசியில் நிலைமை கேலிக்கூத்தானது. ஒரு பக்கம் வீடில்லாமல் ஆயிரக்கணக்கானோர். மறுபக்கம் இடிப்பதற்காக அடைத்துவைத்த வெறும் வீடுகள். 1979 இல் எஸ்.ஓ. 36 பகுதி மக்கள் குழு ஒன்று வெறும் வீடுகளுக்குள் புகுந்து திருத்தத் தொடங்கியது. ஜேர்மன் மொழியில் 'திருத்துதல்', 'கைப்பற்றுதல்' என்ற இரு சொற்களையும் ஒட்டி ஒரு புதுச்சொல்லே உண்டாக்கினார்கள். 1980 டிசெம்பர் 12 ஆம் திகதி ஃபிறெங்கல்உஃபர் கரையோரம் பொலிஸ் ஒரு வீட்டைத் தடுக்கப் போக, இரவிரவாகக் கலவரம். 1981 இல் கைப்பற்றப்பட்ட வீடுகள் 160 ஐத் தாண்டின. அந்த ஆண்டு செப்ரெம்பர் 22 ஆம் திகதி பொலிஸார் எட்டு வீடுகளைக் காலி செய்தபோது, கிளவுஸ்-யூர்கன் ரற்றாய் என்ற 18 வயது இளைஞன் பொற்ஸ்டாமர் வீதியில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தான். பின்னர் வந்த பேச்சுவார்த்தைகளில் அந்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒப்பந்தம் மூலம் சட்டபூர்வமாயின. மற்றவை காலி செய்யப்பட்டன.

கல்லெறிந்ததால் மட்டும் வீடுகள் தப்பின என்று நான் நினைக்கவில்லை. இடிப்பதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுக் காட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹார்ட்-வால்ரர் ஹேமர். 1922 இல் பிறந்து 2012 இல் காலமான இந்தக் கட்டிடக் கலைஞர், அறுபதுகளின் கடைசியில் வெடிங்கிலும், எழுபதுகளில் சார்லொற்றன்பேர்க்கின் கிளவுசனர்பிளாற்ஸ் அருகே ஒரு முழுத் தொகுதியிலும் பழைய வீடுகளை இடிக்காமல் திருத்தினார். இடித்துப் புதிதாய்க் கட்டுவதைவிட அது மலிவாக முடிந்தது. அதிகாரிகளுக்கு அழகு, வரலாறு என்று சொன்னால் காதில் ஏறாது. செலவுக் கணக்கு என்றால் ஏறும்.

1979 இல் மேற்கு பேர்லின் அரசு 'சர்வதேசக் கட்டிடக் கண்காட்சி' ஒன்றுக்கென ஒரு நிறுவனம் தொடங்கியது. சுருக்கமாக 'இபா' என்பார்கள். கண்காட்சி என்றதும் மண்டபத்தில் படம் மாட்டுவது என்று நினைக்க வேண்டாம். நகரத்திலேயே உண்மையான வீடுகளைக் கட்டிக் காட்டுவது. 1984 க்குத் திட்டமிட்டு, நகரத்தின் 750 ஆவது ஆண்டான 1987 வரை நீண்டது. புதிய கட்டிடங்களுக்குப் பொறுப்பு யோசப் பவுல் கிளைஹூஸ். பழையவற்றுக்குப் பொறுப்பு ஹேமர். ஹேமரின் பக்கம் வகுத்த பன்னிரண்டு கொள்கைகளை 1983 இல் மேற்கு பேர்லின் சட்டசபையும் ஒப்புதலோடு ஏற்றுக்கொண்டது. அதில் முதலாவதுதான் மற்றெல்லாவற்றுக்கும் அத்திவாரம்: இப்போது அங்கே இருக்கிற சனத்தோடும் கடைக்காரரோடும் சேர்ந்தே திட்டமிட வேண்டும், இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். 'இப்போது இருக்கிற சனம்' என்பதற்குள் துருக்கிக் குடும்பங்களும் அடங்கும். முத்திரை குத்தி வெளியே நிற்கச் சொன்ன அதே நகரத்தில், உள்ளே இருந்தவரிடம் 'உங்கட குசினி எந்தப் பக்கம் இருக்க வேணும்?' என்று மொழிபெயர்ப்பாளரோடு வந்து கேட்டார்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் மேசன் வேலை, தச்சு வேலை தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும். இந்த வீடுகளின் சுவர் செங்கல். கீழே தடிப்பு, மேலே போகப்போக மெலிவு. நிலவறைக்கு மேலே வளைவாய்க் கட்டிய செங்கல் தளம், மற்ற மாடிகளுக்கு மர உத்திரம். உத்திரங்களுக்கு இடையில் மண்ணும் கட்டிடக் குப்பையும் நிரப்பியிருக்கும். சுவர் பெரும்பாலும் பழுதில்லை. எதிரி ஈரம். கூரை ஒழுகி, நீர்க்குழாய் கசிந்தால் உத்திரத்தின் நுனியில் ஒருவிதப் பூஞ்சணம் பிடிக்கும். எங்கட ஊர்க் கறையானைப்போல் சத்தமில்லாமல் மரத்தைத் தின்னும். ஆகவே முதலில் கூரை, பீலி, கழிவுக்குழாய். பழுதான உத்திர நுனியை வெட்டிப் புதுமரம் பொருத்துவது. அதன் பிறகே உள்ளே கை வைப்பது. நடுத்திருப்பத்துக் கக்கூஸ் வீட்டுக்குள் வந்தது. பெரிய குசினியில் ஒரு மூலையை மறித்துக் குளியலறை. இரண்டு சிறு வீடுகளை இணைத்துப் பிள்ளைகள் கூடிய குடும்பத்துக்கு ஒரு வீடு. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யாமல் படிப்படியாக. ஏனெனில் செலவு கூடினால் வாடகை கூடும், வாடகை கூடினால் சனம் எழும்பும். சில குடும்பங்கள் 'நிலக்கரி அடுப்பே இருக்கட்டும், வாடகை ஏறாமல் இருந்தால் சரி' என்றன; அப்படியே விட்டார்கள். தாங்களே சுவர் உடைத்துப் பூசியவர்களின் உழைப்பைப் பங்குப் பணமாய்க் கணக்கில் சேர்த்த சுயஉதவித் திட்டமும் 1982 முதல் இருந்தது. பின்வீடுகளை முன்புபோல மொத்தமாக வழிக்காமல், முற்றத்து நிலத்தைக் கிளறி மரமும் செடியும் வைத்தார்கள். ஐந்து மாடிக் கிணற்றுக்குள் பச்சை வந்தது.

இனிப் புதுக்கட்டிடங்கள். குண்டு விழுந்த இடங்களில் ஓட்டைகள் இருந்தன அல்லவா? அங்கே பழைய வீட்டைப் போலியாய் நடித்துக் கட்டுவதா, அல்லது முழுக்க வேறாய்க் கட்டுவதா? மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஃபிறெங்கல்உஃபரில், முன்பு கலவரம் நடந்த அதே கரையில், இங்கன் பல்லர், ஹின்றிக் பல்லர் தம்பதியர் எண்பதுகளின் முற்பகுதியில் கட்டிய வீடுகள் நிற்கின்றன. உயரம் பக்கத்துப் பழைய வீடுகளோடு ஒத்துப்போகும். ஆனால் பல்கனிகள் கூர்மையாய் வெளியே நீளும், தூண்கள் மெல்லியவை. வாசல் வீட்டின் கீழால் உள்ளே போனால் தோட்டமாக்கிய முற்றம். குண்டு விழுந்து வெறும் சுவராய் நின்ற பழைய பக்கச்சுவரில் புதுவீடு சாய்ந்து நிற்கும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பழையதும் புதியதும் ஒரே முற்றத்துக்கு முகம் காட்டி நிற்கின்றன.

இரண்டாவது, ஷ்லெஸிஷஸ் ரோர் சந்தியில், போர்த்துக்கல் கலைஞர் அல்வாரோ சிசா கட்டிய மூலைவீடு. சாம்பல் நிறம், ஒரே மாதிரி ஜன்னல்கள், மூலையில் அலைபோல் வளைந்த முகப்பு. கட்டி முடிந்த காலத்தில் யாரோ மேலே ஏறி, உச்சிச் சுவரில் 'வணக்கம், துயரமே' என்று பிரெஞ்சு மொழியில் எழுதிவிட்டார்கள். அதுவே கட்டிடத்தின் பெயராகிவிட்டது! பார்த்தவுடன் எனக்கும் மனதில் ஒட்டவில்லை. ஆனால் அதே தொகுதியின் உள்ளே முதியோருக்கு ஒரு கூடமும் பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பு இல்லமும் அவருடைய வரைபடத்தின்படி பின்னர் கட்டப்பட்டதைப் பார்த்தபோது மரியாதை வந்தது. சிசாவுக்கு 1992 இல் கட்டிடக் கலையின் மிகப் பெரிய விருதான பிறிற்ஸ்கர் விருது கிடைத்தது.

மூன்றாவதைக் கட்டிடக் கலைப் புத்தகக்காரர் அவ்வளவு பேசுவதில்லை. கொற்புஸர் ரோர் மதில் கட்டிடத்தோடு டிறெஸ்டனர் வீதியில் ஒரு மாடி வாகனத் தரிப்பிடம் கட்டியிருந்தார்கள். கார் வைத்திருந்தவர் குறைவு. அது சும்மா கிடந்தது. அந்தப் பகுதியிலோ பிள்ளைகளை விட இடமில்லை. அதை இடிக்காமல், கொங்கிறீற் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, கேர்ஹார்ட் ஷ்பாங்கன்பேர்க் என்ற கலைஞரின் வரைபடத்தின்படி 1987 அளவில் பிள்ளைகள் பராமரிப்பு இல்லமாக மாற்றினார்கள். பழைய வீட்டை மட்டுமல்ல, பத்துப் பதினைந்து வயதுப் பிழையான கட்டிடத்தையும் இடிக்காமல் திருத்தலாம் என்று காட்டியது அது.

எங்கட சனம் பேர்லினுக்குள் கால் வைத்ததும் இதே காலத்தில்தான். 1983 கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிறீட்றிக்ஸ்ராசே ரயில் நிலையத்தால் மேற்குக்குள் வந்தார்கள். 1985 ஜூலையோடு கிழக்கு ஜேர்மனி அந்த வழியை எங்களுக்கு அடைத்தது. வந்தவர்களில் அநேகர் வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் மெல்ல மெல்ல இந்தப் பழைய வீடுகளில் வாடகைக்கு இடம் பிடித்தார்கள். மயூரபதி முருகன் கோயிலும் கிறொய்ஸ்பேர்க்கில் உர்பான்ஸ்ராசேயில் ஒரு நிலவறையில்தான் பல வருடம் இருந்தது. 2013 இல் பிறிற்ஸ் பகுதியில் சொந்தக் கோயில் எழும்பியது. நிலக்கரி வைக்கக் கட்டிய நிலவறைக்குள் தீபாராதனை நடக்குமென்று ஹோப்றெக்ற் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1989 இல் சுவர் விழுந்ததும் மூலையாய்க் கிடந்த கிறொய்ஸ்பேர்க் நகரத்தின் நடுவாகிவிட்டது. கிழக்கில் பிறென்ஸ்லவர் பேர்க் பகுதியிலும் அதே மாதிரியான பழைய வீடுகள், அதே மாதிரிப் பழுது. அங்கேயும் ஹேமரின் கொள்கையைப் பின்பற்றுவதாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் அரசின் பணம் குறைந்தது, வரிச்சலுகை தேடிய தனியார் முதல் கூடியது. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, பூவேலைகள் வடிவாய் வெள்ளையடிக்கப்பட்டன, பழைய குடியிருப்பாளரில் பெரும்பகுதியினர் அங்கே இல்லை. என்னைக் கேட்டால், பன்னிரண்டு கொள்கைகளில் கட்டிடம் பற்றியவற்றை எடுத்துக்கொண்டு முதலாவதைக் கைவிட்டதன் விளைவு இது.

கிறொய்ஸ்பேர்க்கும் தப்பவில்லை. சமூக வீடமைப்புக்கான தொடர் மானியத்தை பேர்லின் 2003 இல் நிறுத்தியது. 2012 மே மாதம் கொற்புஸர் ரோரில், பெரும்பாலும் துருக்கி வம்சாவளிக் குடும்பங்கள், வாடகை உயர்வுக்கு எதிராகச் சந்தியிலேயே பலகைக் கொட்டில் ஒன்று போட்டுக் குந்தினார்கள். எழுபதுகளில் நிலக்கரி தூக்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2020 இல் வந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தை 2021 ஏப்ரிலில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. அதே 2021 செப்ரெம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில், பெரிய வீடமைப்புக் கம்பனிகளின் வீடுகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று 59 வீதத்தினர் வாக்களித்தார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு அதில் வாக்கில்லை.

விடுமுறைக்குப் பேர்லின் வருபவர்கள் பிராண்டன்பேர்க் வாசலில் படம் எடுத்த பிறகு அரைநாள் மிச்சம் வைத்திருந்தால், கொற்புஸர் ரோரில் இறங்குங்கள். டிறெஸ்டனர் வீதியில் அந்தப் பிள்ளைகள் இல்லத்தை வெளியிலிருந்து பாருங்கள். கார் நிறுத்தக் கட்டிய மாடிகள் என்று உங்கட பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். அங்கிருந்து ஃபிறெங்கல்உஃபருக்கு நடந்தே போகலாம், பத்து நிமிஷம் போதும். பிறகு 1902 முதல் வீதிக்கு மேலால் ஓடும் ரயிலில் ஏறி இரண்டாவது தரிப்பில் இறங்கினால் ஷ்லெஸிஷஸ் ரோர். ஜன்னலோரம் இருந்தால், போகிற வழியில் இரண்டு பக்கமும் இரண்டாம் மாடி வீடுகளின் குசினி ஜன்னல்கள் தெரியும். முற்றத்துப் படலைகள் திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம், ஆனால் சத்தம் போடாமல். அங்கே சனம் இருக்கிறது.